கயிற்றுக்கு வெளியே ஒரு தட்டு

சித்தூர்
15.07.2025

அன்புள்ள யாமினிக்கு, உன் நைனா அப்பாவு எழுதுவது.

இந்தக் கடிதத்தைக் கல்பனாவிடம் கொடுத்தனுப்புகிறேன். யூனிவர்சிட்டி லேடீஸ் ஹாஸ்டல் பெருக்குகிற நம் கல்பனாதான். தினமும் இங்கிருந்து பாகாலா வழியாக ரயில் பிடித்துத் திருப்பதிக்கு வருகிறவள், ஸ்ட்ரைக் என்றாலும் வேலைக்கு வருகிற அதே வண்டியில் பந்தலுக்கு வருகிறாள். தமிழ் பேசுவாள், படிக்கத் தெரியாது. பந்தலில் தமிழ் படிக்கத் தெரிந்தவர்கள் நீயும் நானும்தான். ஆகவே நான் என்னைத் திட்டிக்கொள்வதும், பதிலில் நீ என்னைத் திட்டப்போவதும் நமக்குள்ளேயே இருக்கும்.

நேரில் பேசலாம் என்றால் நீ பேசாதே என்று சொல்லிவிட்டாய். போன் செய்தேன், போகவில்லை. "உன் நம்பர ப்ளாக் பண்ணிட்டா" என்றாள் உன் அம்மா. ப்ளாக் என்றால் என்ன என்பதை மேலும் ஆறு முறை போன் செய்து பார்த்துத் தெரிந்துகொண்டேன். எதையும் ஒரே தடவையில் புரிந்துகொள்கிற ஆள் நான் இல்லை. ஒன்பதாம் வகுப்பையே இரண்டு வருடம் படித்தவன்.

நடந்ததை நீ கேட்கவில்லை. கேட்காமலே சொல்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை என் கை அது பாட்டுக்கு நாற்பத்தைந்து கிலோ அரிசியையும் பதினொரு கிலோ உளுந்தையும் ஊறப் போட்டுவிட்டது. ஞாயிறு என்றால் ஊறப் போடுகிற நாள். இருபத்திரண்டு வருடமாக அந்த ஹாஸ்டல் மெஸ்ஸில் என் கைக்கு வேறு ஞாயிறு தெரியாது. திங்கள் காலை ஆறு மணி முதல் காண்ட்ராக்ட் ஆட்கள் யாரும் வேலைக்குப் போவதில்லை என்று யூனியனில் முடிவு எடுத்தபோது மேலே போனதும் இதே கைதான். நீதான் எண்ணினாய். மதியம் கிரைண்டர் நான்கும் ஓடிக்கொண்டிருந்தபோதுதான் எனக்கு உறைத்தது. சரி, அரைத்தது அரைத்தாயிற்று என்று மூடி வைத்துவிட்டுப் போய்ப் படுத்தேன்.

விடிந்ததும் மாவு என்ன ஆயிற்று என்று பார்க்கப் போனேன். சத்தியமாகப் பார்க்கத்தான். எட்டு அண்டாவிலும் பொங்கி, மூடியைத் தலையில் தூக்கிக்கொண்டு நின்றது. விட்டால் பத்து மணிக்குப் புளித்துவிடும், மத்தியானத்துக்கு மேல் சாக்கடைதான். நான் இந்தக் கையால் ஒருநாளும் மாவைக் கொட்டியதில்லை, யாமினி. அறுநூற்று நாற்பது பிள்ளைகள் மாடியில் தூங்கிக்கொண்டிருந்தார்கள். அடுப்பைப் பற்ற வைத்தேன். முதல் ஈடு இறங்கியபோது மணி ஆறேகால்.

ஏஜென்சி சூப்பர்வைசர் யஸ்வந்த் வந்து போனில் படம் எடுத்தார். எதற்கு என்று நான் கேட்கவில்லை. பதினொரு மணிக்கு நீ பின்வாசலில் வந்து நின்றாய். "இனிமே என் கூட பேசாத நைனா. நான் உன்ன பாக்கல, நீ என்ன பாக்கல" என்றாய். கழுவிய இட்லித் தட்டு கையில் இருந்தது. அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கொண்டுபோய்விட்டேன்.

இங்கே உன் அம்மா சந்திரம்மா எனக்குத் தனியாகத் தண்டனை வைத்திருக்கிறாள். நேற்று ராத்திரி இட்லி. இன்று காலை இட்லி. மதியமும் அதுவே. "துன்னு. உனுக்கு இட்லின்னாத்தான் உசுராச்சே, பெத்த பொண்ணு இன்னா பெருசு" என்கிறாள். துன்னுகிறேன். மாவு சரியாகப் புளிக்கவில்லை. அதை நான் சொல்லவில்லை.

மாவைக் கொட்ட மனம் வராத
உன் நைனா
அப்பாவு


திருப்பதி, பந்தல்
16.07.2025

நைனாவுக்கு,

கடிதம் கிடைத்தது. எழுத்துப் பிழை இருந்தால் நீதான் பொறுப்பு. தெலுங்கு மீடியத்தில் படித்த பெண்ணுக்கு லீவு நாட்களில் தமிழ் எழுதச் சொல்லிக்கொடுத்தது நீதான்.

உனக்குத் தெரியாத பாதியை நான் சொல்கிறேன்.

திங்கள் பத்து மணிக்கு முதல் பேச்சுவார்த்தை. மேஜைக்கு அந்தப் பக்கம் எட்டுப் பேர். ரிஜிஸ்ட்ரார், அவருடைய ஆட்கள், புதிய ஏஜென்சியின் மேனேஜர், ஒரு வக்கீல். இந்தப் பக்கம் யூனியன் தலைவர் உமாபதி அண்ணன், நான், இன்னும் இரண்டு பேர். எக்ஸாம் செக்ஷனில் மார்க் டைப் அடிக்கிற நான் அந்த ரூமுக்குள் அதுவரை ஃபைல் கொடுக்க மட்டுமே போயிருக்கிறேன். நாற்காலியில் உட்காரலாமா என்று தெரியாமல் கொஞ்ச நேரம் நின்றேன். இதை வேறு யாரிடமும் சொல்லவில்லை.

ஆகஸ்ட் முதல் தேதியிலிருந்து புதிய காண்ட்ராக்ட். நூற்று நாற்பத்து மூன்று பேரும் ஒன்றாக வேலையை நிறுத்திவிட்டோம் என்று ஆரம்பித்தேன். ரிஜிஸ்ட்ரார் போனை என் பக்கம் திருப்பினார். அதில் நீ. கையில் இட்லித் தட்டு.

"நூத்தி நாற்பத்து மூணா? உங்க நாயனா கூட வேலைக்கு வந்துட்டாரேம்மா" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். கோபமாகச் சிரித்திருந்தால்கூடப் பரவாயில்லை. பாவம் என்று பார்த்துச் சிரித்தார்கள்.

நீ மாவைக் கொட்டாமல் விட்டது எனக்குப் புரிகிறது. நீ சிரித்ததுதான் புரியவில்லை. அந்தப் படத்தில் நீ சிரிச்சிக்கினு இருக்கே நைனா. உன் கடிதத்தில் அதை எழுதவில்லை.

நான் எதற்காக அங்கே உட்கார்ந்திருந்தேன் என்று உனக்குத் தெரியுமா? நீ மீட்டிங்கில் கை தூக்குவாய், காகிதத்தைப் படிக்க மாட்டாய். புதிய காண்ட்ராக்டில் ஏழாவது நிபந்தனை, ஐம்பத்தைந்து வயதுக்கு மேல் ஆளை எடுக்கக் கூடாது. நம்மில் பத்தொன்பது பேர். பட்டியலில் மூன்றாவது பெயர், ம. அப்பாவு, வயது ஐம்பத்தேழு, மெஸ்.

உன்னை ஒரு மாதம் யூனியனிலிருந்து நிறுத்தி வைத்திருக்கிறார்கள். ஓட்டு கிடையாது, பந்தல் கயிற்றுக்கு உள்ளே வரக் கூடாது. அந்தத் தீர்மானம் வந்தபோது நான் எந்தப் பக்கமும் கை தூக்கவில்லை.

நான் சொல்லும்வரை வராதே.

ஒரே ஒரு விஷயம் கேட்கிறேன், அதற்கு மட்டும் பதில் எழுது. பந்தலில் நூற்று நாற்பது பேருக்கு மேல் சாப்பிடுகிறோம். நேற்று கல்பனா அக்கா செய்த உப்மா உருண்டை உருண்டையாக இருந்தது. உருண்டைக்குள் பச்சை ரவை. நூற்று நாற்பது பேருக்கு ரவை எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு?

யாமினி


சித்தூர்
17.07.2025

அன்புள்ள யாமினிக்கு,

கேட்டதற்கு முதலில் பதில். பன்னிரண்டு கிலோ ரவை, முப்பது லிட்டர் தண்ணீர். ரவையை முதல் நாளே வறுத்து வைத்துவிடு. தண்ணீர் தளதளவென்று கொதிக்கும்போது ஒருத்தர் மேலிருந்து மெதுவாகக் கொட்ட வேண்டும், இரண்டு பேர் எதிரெதிரே நின்று கிளற வேண்டும். கல்பனா தானே கொட்டித் தானே கிளறியிருப்பாள். அவளுக்கு எல்லாவற்றையும் ஒண்டியாகச் செய்துதான் பழக்கம். உப்பு தண்ணீரிலேயே. இரண்டு பேருக்கு எப்படிச் செய்வது என்று மட்டும் என்னைக் கேட்காதே, தெரியாது. நேற்று உன் அம்மாவுக்கு உதவுகிறேன் என்று சாம்பார் வைத்தேன். தெருவுக்கே கொடுத்தோம்.

இப்போது அந்தச் சிரிப்பு.

உன்னிடம் மறைக்கத்தான் பார்த்தேன். யஸ்வந்த் வந்து, "அப்பாவு காரு, இட்லி மல்லிப்பூ மாதிரி இருக்கு, ஒரு ஃபோட்டோ எடுக்கறேன், கொஞ்சம் சிரிங்க" என்றார். இருபத்திரண்டு வருடத்தில் எத்தனை லட்சம் இட்லி ஊற்றியிருப்பேன். அதோடு என்னை நிற்க வைத்து யாரும் படம் எடுத்ததில்லை. பிள்ளைகள் பிறந்தநாள் கேக்கைப் படம் எடுப்பார்கள், அதன் ஓரத்தில் என் முழங்கை வந்திருக்கும். அதனால் சிரித்தேன். பல் எல்லாம் தெரியச் சிரித்தேன். அந்தச் சிரிப்பை வைத்து உன் வாயை அடைத்தார்கள் என்று படித்தபோது, ராத்திரி சாப்பிட்ட இட்லி நெஞ்சிலேயே நின்றுவிட்டது.

ஏழாவது நிபந்தனை எனக்குத் தெரியாது. காகிதம் கொடுத்தார்கள், மடித்து வைத்தேன், அது மசாலா டப்பாவுக்கு அடியில் இருக்கிறது.

உன் கடிதத்தை நான்கு தடவை படித்தேன். எட்டு ஆபீசர்களுக்கு எதிரே நாற்காலியில் என் மகள் உட்கார்ந்திருக்கிறாள். அந்த ரூம் வாசல்வரை நான் போயிருக்கிறேன், டீ ஃபிளாஸ்க்கோடு. கதவைத் திறந்தால் ஏசி காற்று காலில் படும், அதற்குமேல் போனதில்லை. அதற்குள்ளே நீ என் பெயரை எழுதி வைத்துக்கொண்டு பேசியிருக்கிறாய். நானோ வெளியே நின்று அவர்களுக்கு இட்லி ஊற்றியிருக்கிறேன். இதை நினைத்தால் பயமாகவும் இருக்கிறது, என்னமோ கோயிலுக்குள் வந்துவிட்டு எந்தப் பக்கம் கும்பிடுவது என்று தெரியாதவன் மாதிரியும் இருக்கிறது.

ஆகவே நான் யோசித்து ஒன்று எழுதுகிறேன். எங்களை விட்டுவிடு. பத்தொன்பது கிழங்களுக்காக நூற்று இருபத்து நாலு பேர் வெயிலில் உட்கார வேண்டாம். அப்பாவு சம்மதிக்கிறான் என்று பந்தலில் படித்துக்காட்டு. தனிக் காகிதத்தில் எழுதிக் கையெழுத்தும் போட்டு இதோடு வைத்திருக்கிறேன். ஒரு தப்பு செய்தவனுக்கு ஒரு நல்லது செய்ய இடம் கொடு.

உன் நைனா
அப்பாவு

பி.கு. உன் அம்மா இன்று சோறு போட்டாள். கடிதத்தை அவளுக்குப் படித்துக் காட்டினேன். சிரிப்பு விஷயத்தில் மட்டும் திரும்பவும் திட்டினாள்.


திருப்பதி, பந்தல்
19.07.2025

நைனாவுக்கு,

உப்மா நன்றாக வந்தது. கொட்ட ஒருத்தர், கிளற இரண்டு பேர். கல்பனா அக்கா, "இது முன்னமே சொல்லக்கூடாதா உங்க நாயனா" என்றாள்.

உன் சம்மதக் காகிதத்தை நான் படித்துக்காட்டவில்லை. தமிழில் என்ன எழுதியிருக்கிறது என்று கல்பனா அக்கா விடாமல் கேட்டதால் அவளிடம் மட்டும் சொன்னேன். கேட்டுவிட்டு, "தன் வேலைய விடறதுன்னா அவரு விட்டுக்கட்டும். மத்த பதினெட்டு பேரு வேலைய விட அவருக்கு யாரு ரைட்ஸ் குடுத்தது?" என்றாள். எனக்கும் அதுதான் தோன்றியது. நல்லது செய்கிறேன் என்று மறுபடியும் யாரையும் கேட்காமல் அடுப்பைப் பற்ற வைக்கிறாய்.

ஆனால் நீ எழுதியதையேதான் அவர்களும் சொன்னார்கள். நேற்று மாலை ரிஜிஸ்ட்ரார் எங்களைக் கூப்பிட்டார். மூன்று வருடக் காண்ட்ராக்ட், வாரம் ஒரு நாள் லீவு, பிரசவ லீவு, பி.எஃப்., எல்லாமே கொடுக்கிறார்கள். ஏழாவது நிபந்தனை மட்டும் அப்படியே இருக்கட்டும் என்கிறார்கள். நூற்று இருபத்து நாலு பேருக்குக் கேட்டது எல்லாம். பத்தொன்பது பேருக்கு ஒரு சால்வை, ஒரு சர்டிபிகேட்.

சரி என்று சொல்ல எனக்கு அதிகாரம் இல்லை, வேண்டாம் என்று சொல்லவும் இல்லை. நாளை ஞாயிறு மதியம் பந்தலில் பொதுக்குழு. அங்கே கேட்க வேண்டும்.

என்னோடு ரூமில் இருக்கிற ரேகாவை உனக்குத் தெரியும், லைப்ரரியில் புத்தகம் அடுக்குகிறவள். ஆறு மாதம் ஆகிறது அவளுக்கு. பிரசவ லீவு என்று நான் வந்து சொன்னபோது அவள் முகத்தைப் பார்த்தேன். பிறகு உன்னை நினைத்தேன். அவளுக்கு அது வேண்டாம் என்று நான் எந்த வாயால் சொல்வது? என் நைனா இருக்கிறார் பட்டியலில், அதனால்தான் இவள் பிடிவாதம் பிடிக்கிறாள் என்று ஒருத்தர் சொன்னால் நான் என்ன பதில் சொல்வேன்? பொய் என்று சொல்ல முடியாது.

ஆகவே நான் நாளை எதுவும் பேசப்போவதில்லை. இரண்டு பக்க நியாயத்தையும் உமாபதி அண்ணன் படிப்பார். பத்தொன்பது பேரும் ஓட்டுப் போடுவதில்லை என்று அவர்களே முடிவு எடுத்துவிட்டார்கள். கை தூக்கினால் யஸ்வந்த் போனில் பிடித்துக்கொண்டு பிறகு ஒவ்வொருவராகப் பழிவாங்குவான் என்று பயம் இருக்கிறது. அதனால் தட்டை வைக்கப் போகிறோம். எல்லோரிடமும் வீட்டிலிருந்து கொண்டுவந்த எவர்சில்வர் தட்டு இருக்கிறது, எல்லாம் பார்க்க ஒரே மாதிரி. உள்ளே சமுக்காளத் தடுப்புக்குப் பின்னால் ஒவ்வொருவராகப் போய்த் தரையில் வைக்க வேண்டும். அவர்கள் கொடுப்பதை ஏற்கலாம் என்பவர்கள் கவிழ்த்து வைக்க வேண்டும். பத்தொன்பது பேரும் வேண்டும் என்பவர்கள் நிமிர்த்தி வைக்க வேண்டும். எல்லோரும் வைத்த பிறகு தடுப்பை விலக்கி எண்ணுவோம்.

எப்படி ஆகும் என்று தெரியவில்லை நைனா. எப்படி ஆக வேண்டும் என்றும் சொல்லத் தெரியவில்லை.

நீ கயிற்றுக்கு உள்ளேதான் வரக் கூடாது. கயிற்றுக்கு வெளியே இருப்பது பப்ளிக் ரோடு. அதைப்பற்றித் தீர்மானத்தில் ஒன்றும் இல்லை.

யாமினி


சித்தூர்
21.07.2025

அன்புள்ள யாமினிக்கு,

நேற்று நான் பப்ளிக் ரோட்டில் நின்றதை நீ பார்த்தாய். நீ பார்த்ததை நான் பார்த்தேன். பேசாதே என்று நீ சொன்னது நினைவில் இருந்ததால் பேசாமல் பஸ் ஏறிவிட்டேன். பேசியிருந்தாலும் சரியாக வந்திருக்காது. இப்போதும் சரியாக வருமா தெரியவில்லை. எனக்கு அடுப்பு, அண்டா, ஆவி தவிர வேறு எதையும் விவரித்துப் பழக்கமில்லை.

உமாபதி இரண்டு பக்கத்தையும் படித்தார். நீ பின்னால் தூணை ஒட்டி உட்கார்ந்து தரையையே பார்த்துக்கொண்டிருந்தாய். பட்டியலில் இருக்கிற மற்ற பதினெட்டு பேரும் ஒரு ஓரமாக, போட்டோவுக்கு உட்கார்ந்த மாதிரி உட்கார்ந்திருந்தார்கள். வாட்ச்மேன் அண்ணன் வேட்டியைச் சரி செய்துகொண்டே இருந்தார். நான் ஓரத்தில்கூட இல்லை. கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பிடித்திருப்பது தெரிந்தால் யாராவது விடச் சொல்வார்களோ என்று ஒரு விரலால் மட்டும் பிடித்திருந்தேன்.

முதலில் எழுந்தது ரேகா. கை ஊன்றி, முட்டி ஊன்றி, மெதுவாக எழுந்தாள். யாரோ பிடிக்க வந்தார்கள், வேண்டாம் என்றாள். தட்டை வயிற்றோடு அணைத்துக்கொண்டு தடுப்புக்குப் பின்னால் போனாள். வெறுங்கையோடு வெளியே வந்தாள். முகத்திலிருந்து ஒன்றும் தெரியவில்லை. அதன் பிறகு ஒவ்வொருவராக. தட்டு தரையில் படும்போது ஒரு சத்தம் வரும் இல்லையா, அதில் வித்தியாசம் இருக்கிறது யாமினி. நிமிர்த்தி வைத்தால் 'டங்' என்று விரிந்து அடங்கும். கவிழ்த்தால் சத்தம் உள்ளேயே செத்துப்போகும். இருபத்திரண்டு வருடம் தட்டுச் சத்தத்திலேயே வாழ்ந்தவனுக்கு அது தெரியாமல் போகுமா? நீங்கள் எல்லோரும் தடுப்பை விலக்கும்வரை காத்திருந்தீர்கள். நான் ரோட்டில் நின்றபடியே ஒவ்வொரு ஓட்டையும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

ரேகாவின் தட்டு விரிந்து ஒலித்தது.

அதற்குமேல் நான் எண்ண ஆரம்பித்தேன். முப்பதில் ஒரு முறை தப்பிவிட்டது, ஏனென்றால் கண் மறைத்தது. கல்பனாவின் தட்டு தனியாகத் தெரிந்தது, அவள் வைக்கவில்லை, போட்டாள். நடுநடுவே அந்தச் செத்த சத்தம் வந்தது. எனக்குக் கோபம் வரும் என்று நினைத்தேன். வரவில்லை. அவர்கள் வீட்டிலும் அடுப்பு இருக்கிறது. என் கணக்கில் பன்னிரண்டு. தடுப்பை விலக்கியபோது பதினொன்று. கவிழ்ந்தது பதினொன்று, நிமிர்ந்தது நூற்றுப் பதிமூன்று. தரை முழுக்கத் தட்டு, ஒவ்வொன்றிலும் பந்தல் ஓட்டை வழியாக வந்த வெயில். பரிமாறக் காத்திருக்கிற பந்தி மாதிரி இருந்தது. எனக்காக, என் மாதிரி பத்தொன்பது பேருக்காக, நூற்றுப் பதிமூன்று பேர் தங்கள் சோற்றை எடுத்துக் கீழே வைத்திருக்கிறார்கள். நான் திருமலையில் கூட்டத்தோடு கூட்டமாக நெருக்கி நின்று சாமி பார்த்திருக்கிறேன். ஜரகண்டி என்று தள்ளிவிடுவார்கள், பார்த்தோமா இல்லையா என்றே தெரியாது. நேற்று என்னை யாரும் தள்ளவில்லை. நின்று பார்த்தேன்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு இன்னும் பெரியது. அந்தப் பதினோரு பேர் யார் என்று யாரும் கேட்கவில்லை. உமாபதி, "சரி, பசிக்குது, தட்ட எடுங்க" என்றார், அவ்வளவுதான். உப்மா அண்டா வந்தது. எல்லோரும் அவரவர் தட்டுக்கு முன்னால் வந்து உட்கார்ந்தார்கள். கவிழ்த்து வைத்தவர்களும் சாப்பிட வேண்டுமானால் தட்டை நிமிர்த்தித்தானே ஆக வேண்டும். ஒருவன் நிமிர்த்தினான், பக்கத்தில் இருந்தவள் அவனுக்கு முதலில் போடச் சொல்லிக் கரண்டியைத் தள்ளினாள். அப்படி அப்படியே பதினொன்றும் நிமிர்ந்துவிட்டது.

கல்பனா கயிற்றருகே வந்து ஒரு தட்டை நீட்டினாள். "நான் உள்ள வரக் கூடாது" என்றேன். "நீ எங்க உள்ள வர? தட்டுதான் வெளிய வருது. துன்னு" என்றாள். அந்த வளாகத்தில் வேறொருத்தர் சமைத்து நான் சாப்பிட்டது அதுதான் முதல் தடவை. உருண்டை இல்லை. உப்பு கொஞ்சம் கம்மி. அதையும் நான் சொல்லவில்லை.

எல்லோரும் சாப்பிட்டு முடித்துக் கை கழுவ எழுந்தபோதுதான் அந்த யஸ்வந்த் மூச்சு வாங்க ஓடி வந்து, கயிற்றுக்கு மேலே போனைத் தூக்கிப் பிடித்து வீடியோ எடுத்துக்கொண்டு போனான். இந்தத் தடவை நான் சிரிக்கவில்லை.

உன் நைனா
அப்பாவு


திருப்பதி
25.07.2025

அன்புள்ள நைனாவுக்கு,

மூன்று நாள் எழுத நேரம் கிடைக்கவில்லை. நேற்று மாலை கையெழுத்து ஆயிற்று. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். இப்போது வேலையில் இருக்கிற யாருக்கும் ஏழாவது நிபந்தனை கிடையாது, அறுபது வயதுவரை வேலை. பிரசவ லீவு உண்டு. வார லீவு உண்டு. காண்ட்ராக்ட் மூன்று வருடம் கிடைக்கவில்லை, இரண்டுதான். அதை அவர்கள் விடவில்லை, நாங்களும் சண்டை போட்டுப் பார்த்துவிட்டு ஒப்புக்கொண்டோம். உனக்கு இன்னும் மூன்று வருடத்துக்குக் கொஞ்சம் குறைவாக இட்லி ஊற்ற உரிமை இருக்கிறது.

எப்படி நடந்தது என்று சொல்கிறேன். நீ நம்ப மாட்டாய்.

செவ்வாய்க்கிழமை மேஜையில் ரிஜிஸ்ட்ரார் திரும்பவும் போனை எடுத்தார். தட்டு வைத்து ஓட்டுப் போட்டதும், கவிழ்த்தால் என்ன அர்த்தம் என்பதும் யாரோ சொல்லி அவருக்குத் தெரிந்திருக்கிறது. எங்களில் பாதிப்பேராவது கவிழ்த்திருப்பார்கள் என்று நினைத்துத்தான் வீடியோவைப் போட்டார். யஸ்வந்த் எடுத்த வீடியோ. சாப்பாட்டுக்குப் பிறகு எடுத்தது.

ரிஜிஸ்ட்ரார் பார்த்தார். கண்ணாடி போட்டுக்கொண்டு திரும்பப் பார்த்தார். பந்தல் முழுக்க நிமிர்ந்த தட்டு. கவிழ்ந்தது ஒன்றுகூட இல்லை. "ஒக்கரு கூட லேதா?" என்று மேனேஜரிடம் மெதுவாகக் கேட்டார். ஒருத்தர்கூட இல்லையா என்று. மேனேஜர் போனை வாங்கிப் பார்த்தார், வக்கீல் பார்த்தார். பிறகு ரிஜிஸ்ட்ரார் என்னைப் பார்த்து, "இதுதான் உங்க முடிவாம்மா?" என்றார்.

என்னிடம் பதினொன்று என்ற எண் இருந்தது. தொண்டைவரை வந்தது. நீ எழுதியதும் ஞாபகம் வந்தது, கரண்டியைத் தள்ளியது, ஒவ்வொன்றாக நிமிர்ந்தது. "ஓட்டு எப்படிப் போச்சுன்றது எங்க விஷயம் சார். இப்போ எல்லாரும் எப்படி இருக்கறாங்கன்னு நீங்களே எண்ணிப் பாருங்க" என்றேன். அவர் எண்ணவில்லை. போனைக் கவிழ்த்து வைத்துவிட்டார். இது பொய்யா நைனா? அந்தப் பதினோரு பேரும் அன்றைக்கு மறுநாளும் பந்தலுக்கு வந்தார்கள், அதற்கு மறுநாளும் வந்தார்கள். வீடியோ தவறாக ஒன்றும் காட்டவில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. இருந்தாலும் உன்னைக் கேட்கிறேன்.

அதற்குமேல் இரண்டு நாள் இழுபறி. ஹாஸ்டல் பிள்ளைகள் வெளியிலிருந்து வந்த பன்னைத் தொடாமல் பால் பாக்கெட்டோடு திருப்பி அனுப்பிவிட்டார்கள். வாத்தியார்கள் கையெழுத்துப் போட்டு ஒரு மனு கொடுத்தார்கள். எல்லாம் சேர்ந்துதான் நடந்தது. ஆனால் அந்த ரூமில் காற்று மாறியது அந்தத் தட்டுகளைப் பார்த்த நிமிஷத்தில்தான். இந்தத் தடவை நாற்காலியில் உட்காரலாமா என்று யோசிக்கவே இல்லை, உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது.

இனி உன் விஷயம். திங்கட்கிழமை வேலைக்குத் திரும்புகிறோம். உன் ஒரு மாதத் தண்டனையை என்ன செய்வது என்று நேற்று பேசினோம். நான் வாயைத் திறக்கவில்லை. கல்பனா அக்காதான் யோசனை சொன்னாள். எல்லோரும் கை தட்டினார்கள். மீதித் தண்டனைக்குப் பதிலாக, திங்கள் காலை முதல் பந்தி நமக்கு. நூற்று நாற்பத்திரண்டு பேரும் மெஸ் ஹாலில், பிள்ளைகள் உட்காருகிற பெஞ்சில் உட்காருவோம், நீ பரிமாற வேண்டும். அதற்குப் பிறகுதான் பிள்ளைகளுக்கு. அவர்களிடம் கேட்டாயிற்று, சந்தோஷமாகச் சரி என்றார்கள். ரேகா அந்த ஹாலை ஜன்னல் வழியாகத்தான் பார்த்திருக்கிறாளாம்.

ஞாயிறு காலை ஊறப் போட ஆள் வேண்டும்.

யாமினி


திருப்பதி, மெஸ்
27.07.2025, ஞாயிறு சாயங்காலம்

அன்புள்ள யாமினிக்கு,

ஐம்பத்தைந்து கிலோ அரிசி, பதினாலு கிலோ உளுந்து. அரைத்து, உப்புப் போட்டு, கையால் கலந்து, ஒன்பது அண்டாவில் ஊற்றி மூடியிருக்கிறேன். ஒன்பதாவது அண்டா உங்களுக்கு. கிரைண்டர் சத்தம் நின்றதும் எழுத உட்கார்ந்தேன்.

நீ கேட்டதற்கு என் புத்திக்கு எட்டிய பதில். என்னுடைய படத்தில் இருந்தது பொய். நான் சிரித்தேன், ஆனால் அவர்கள் பக்கம் நின்று சிரிக்கவில்லை. உங்கள் வீடியோவில் இருந்தது, அதில் இருந்தவர்கள் தாங்களே செய்தது. ஒன்பதாம் வகுப்பை இரண்டு வருடம் படித்தவன் சொல்கிறேன், சட்டம் தெரிந்தவரிடமும் ஒரு முறை கேட்டுக்கொள்.

உன் அம்மா வந்திருக்கிறாள். தண்டனையை நேரில் பார்க்க வேண்டுமாம்.

கல்பனா இனிமேல் கடிதம் கொண்டுவர மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். "ஒரே காம்பவுண்டுல இருந்துக்கினு எதுக்கு தபாலு?" என்கிறாள். அவள் சொல்வது நியாயம்தான். ஆகவே இதை நானே கொண்டுவருகிறேன். நாளை காலை முதல் பெஞ்சில், ஜன்னல் ஓரம், ரேகாவுக்குப் பக்கத்துத் தட்டின் அடியில் இது இருக்கும். அங்கேதான் நீ உட்காருவாய் என்று நினைக்கிறேன்.

நீ இதைப் படிக்கும்போது நான் உன் எதிரேதான் நின்றுகொண்டிருப்பேன், இரண்டு கையிலும் இரண்டு வாளியோடு. தேங்காய்ச் சட்னியா, காரச் சட்னியா என்று கேட்பேன். எல்லோரிடமும் கேட்பதுதான்.

அதற்கு மட்டும் வாயைத் திறந்து பதில் சொல்.

உன் நைனா
அப்பாவு